கரடிக் காட்டில் கைத்துப்பாக்கி: உடம்பில் எங்கே, எப்படிச் சுமப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரத்துக்கு நான் குடிவந்து பதினோரு கோடைகள் கழிந்துவிட்டன. பனி உருகியதும் மலையேற்றம், ஜூனில் சால்மன் ஏறத் தொடங்கியதும் மீன்பிடிப்பு, செப்டம்பரில் நண்பர்களோடு மூஸ் என்னும் பெரிய மான் வேட்டை என்று என் ஆண்டு சுழல்கிறது. கலிபோர்னியாவிலிருந்தும் டெக்சாஸிலிருந்தும் வரும் தமிழ் நண்பர்கள் விமான நிலையத்திலிருந்து வீடு வந்து சேர்வதற்குள் "கரடிக்கு எந்தத் துப்பாக்கி நல்லது?" என்று கேட்டுவிடுவார்கள். அதை உடம்பில் எந்த இடத்தில் மாட்டுவது என்று கேட்பவர் அரிது. காட்டில் எட்டு மணி நேரம் நடந்தவனுக்குத்தான் அந்தக் கேள்வியின் எடை தெரியும். அவர்களுக்கு வாய்மொழியாகச் சொல்லிவந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் ஹெச்-1பி விசாவில் இருக்கிறேன். அலாஸ்காவில் உரிமம் வேண்டாம் என்கிறார்களே, நானும் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாமா?

மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இதைப் படியுங்கள். அலாஸ்காவில் 21 வயது நிறைந்தவர் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல 2003 முதல் மாநில உரிமம் தேவையில்லை என்பது உண்மை. ஆனால் அது மாநிலச் சட்டம். அதற்கு மேலே கூட்டாட்சிச் சட்டம் ஒன்று இருக்கிறது: குடியேற்றம் அல்லாத விசாவில் அமெரிக்காவுக்குள் வந்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. ஹெச்-1பி, ஹெச்-4, எல்-1, எஃப்-1, சுற்றுலா விசா எல்லாமே இதில் அடங்கும். மீறினால் 15 ஆண்டு வரை சிறை. விசாவின் கதி என்னவாகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு விதிவிலக்குகள் உண்டு. அமெரிக்க மாநிலம் ஒன்று முறைப்படி வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருப்பது அவற்றில் முக்கியமானது. ஆனால் அதை மட்டும் நம்பி இறங்குவதற்கு முன், துப்பாக்கிச் சட்டமும் குடிவரவுச் சட்டமும் தெரிந்த வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் பேசுங்கள். கிரீன் கார்டு கிடைத்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். "நான் வாங்கவில்லையே, நண்பனுடையதைத்தானே கொஞ்ச நேரம் மாட்டிக்கொண்டேன்" என்பது பதிலாகாது. ஆற்றங்கரையில் பத்து நிமிடம் உங்கள் மார்பில் தொங்கினாலும் அது உங்கள் கையில் இருந்த துப்பாக்கிதான். விருந்தினரின் விசா என்னவென்று தெரியாமல் நான் யாருக்கும் என்னுடையதைக் கொடுத்ததில்லை.

அப்படியானால் விசாவில் இருப்பவர்கள் கரடிக் காட்டுக்கே போகக் கூடாதா?

தாராளமாகப் போகலாம். கரடி ஸ்பிரே வாங்கிக்கொள்ளுங்கள். மிளகாயின் காரச் சத்தை அழுத்தத்தில் அடைத்த குப்பி அது. துப்பாக்கி வைத்திருக்கச் சட்டம் அனுமதிப்பவர்களுக்கும் முதல் ஆயுதம் அதுதான் என்பது என் உறுதியான கருத்து.

இதைச் சொல்ல ஆதாரம் இருக்கிறது. டாம் ஸ்மித், ஸ்டீபன் ஹெரெரோ ஆகிய கரடி ஆய்வாளர்களும் அவர்களுடைய குழுவினரும் 1985 முதல் 2006 வரை அலாஸ்காவில் ஸ்பிரே பயன்படுத்தப்பட்ட 83 நிகழ்வுகளைத் திரட்டி 2008-இல் வெளியிட்டார்கள். பழுப்புக் கரடிகளின் விரும்பத்தகாத நடத்தையை ஸ்பிரே 92 சதவீத நிகழ்வுகளில் நிறுத்தியது. கருங்கரடிகளிடம் 90 சதவீதம். நேருக்கு நேர் சந்திப்புகளில் ஸ்பிரே வைத்திருந்தவர்களில் 98 சதவீதம் பேருக்குக் காயமே இல்லை. அதே ஆய்வாளர்கள் 2012-இல், 1883 முதல் 2009 வரை துப்பாக்கி சம்பந்தப்பட்ட 269 நிகழ்வுகளை அலசினார்கள். கைத்துப்பாக்கி 84 சதவீதமும் நீள்துப்பாக்கி 76 சதவீதமும் வெற்றி பெற்றிருந்தன. ஆனால் துப்பாக்கியைப் பயன்படுத்தியவர்களையும், கையில் இருந்தும் பயன்படுத்தாதவர்களையும் ஒப்பிட்டபோது, காயம் பட்டதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை.

இரண்டு ஆய்வுகளும் ஒரே வகை நிகழ்வுகளை எடுத்துக்கொள்ளவில்லை. ஆகையால் எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தராசு பிடிப்பது சரியில்லை. எனக்கு அவற்றில் முக்கியமாகப் படுவது வேறு. பாய்ந்து வரும் கரடி மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. 30 மீட்டரை இரண்டு வினாடியில் கடந்துவிடும். அந்த இரண்டு வினாடிக்குள் கைக்கு வராதது எதுவாக இருந்தாலும், குப்பியோ துப்பாக்கியோ, அது உதவாது.

இடுப்பில் மாட்டினால் என்ன? அதுதானே இயல்பான இடம்?

முதுகுப்பை இல்லாதவரை இயல்பான இடம்தான்.

என் முதல் கோடையில் ரிசரெக்ஷன் கணவாய்ப் பாதையில் நடந்தேன். கீனாய் தீபகற்பத்தில் ஹோப் என்ற சிற்றூரிலிருந்து கூப்பர் லேண்டிங் வரை 60 கிலோமீட்டருக்குச் சற்று மேல் போகும் பாதை அது. வலது இடுப்பில் .44 மேக்னம் ரிவால்வர், முதுகில் 18 கிலோ சுமை. பெரிய முதுகுப்பையின் எடையில் பெரும் பங்கைத் தாங்குவது அதன் இடுப்புப் பட்டை. அந்தப் பட்டை உட்காரும் இடமும் துப்பாக்கி உறை உட்காரும் இடமும் ஒன்றே. பட்டையை உறைக்கு மேலே கட்டினால் பிடி விலா எலும்பில் குத்தியது; கீழே இறக்கிக் கட்டினால் சுமை முழுவதும் தோளுக்கு ஏறியது. மூன்றாவது மணி நேரத்தில் இடுப்பெலும்பின் மேல் தோல் சிவந்து காந்தியது. துப்பாக்கியைக் கழற்றி முதுகுப்பைக்குள் போட்டேன்.

அடுத்த வளைவைத் தாண்டி அரை மணி நேரம் போயிருப்பேன். ஆல்டர் புதரிலிருந்து ஒரு கருங்கரடி பாதைக்கு வந்தது. இருபது அடிதான் இடைவெளி. என் கை தானாக இடுப்புக்குப் போனது, அங்கே வெறும் துணி. கரடி என்னைப் பார்த்துவிட்டு எதிர்ப்பக்கப் புதருக்குள் இறங்கிப் போய்விட்டது. அது நல்ல மனநிலையில் இருந்ததால் இதை எழுதுகிறேன்.

சுகமாகச் சுமப்பது சொகுசுக்காக அல்ல என்று அன்றைக்கு எனக்கு உறைத்தது. குத்துகிற, தேய்க்கிற, இழுக்கிற துப்பாக்கி நாள் முடிவதற்குள் எப்படியும் பைக்குள் போய்விடும். பைக்குள் போனது வீட்டில் இருப்பதற்குச் சமம்.

சிறு பையோடு ஒரு நாள் நடைக்கு இடுப்பு உறை போதும். அப்போது துப்பாக்கிக்கென்றே செய்த விறைப்பான, அகலமான பெல்ட் வேண்டும். சாதாரண பெல்ட்டில் ஒரு கிலோ எடை ஒரு பக்கமாகச் சரிந்து காற்சட்டையையும் இழுத்துக்கொண்டு இறங்கும்.

அலாஸ்காக்காரர்கள் மார்பில் மாட்டுகிறார்களே, அது ஏன்?

மேலே சொன்ன எல்லாத் தொல்லைக்கும் இங்குள்ள வழிகாட்டிகளும் மீன்பிடிப்பவர்களும் கண்டுகொண்ட விடை அது. ஒரு வார் தோளின் மேல் போகும், இன்னொன்று மார்பைச் சுற்றி வரும். உறை நெஞ்செலும்பின் மேல் சாய்வாக உட்காரும். வலக்கைக்காரருக்குப் பிடி வலப்பக்கம் மேல்நோக்கியும், குழல் இடப்பக்கம் கீழ்நோக்கியும் இருக்கும். எடை தோளுக்கும் முதுகுக்கும் பகிர்ந்து போவதால் ஒரு கிலோ ஒரு கிலோவாகத் தெரிவதில்லை. முதுகுப்பையின் இடுப்புப் பட்டை தொடாது. ஆற்றில் தொடை ஆழத்தில் நின்றாலும் நனையாது. மழைச்சட்டையின் ஜிப்பைப் பாதி இறக்கினால் கைக்கு வரும். உட்கார்ந்திருந்தாலும், மண்டியிட்டு மீனைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாலும், மல்லாந்து விழுந்து கிடந்தாலும் அது ஒரே இடத்தில் இருக்கும். இடது கையாலும் எட்டலாம். விழுந்து கிடப்பவனுக்கு வலது இடுப்புக்கு அடியில் மாட்டிய துப்பாக்கியை உருவ முடியுமா என்று தரையில் படுத்துப் பாருங்கள்.

குறையும் இருக்கிறது. காலடியை மறைக்கும். பாறைகளில் இறங்கும்போது பாதம் வைக்கும் இடத்தைக் குனிந்து பார்க்க வேண்டிவரும். நான்கு கால்களில் ஊர்ந்து ஏறும் இடங்களில் பாறையில் இடிக்கும். கோடை வெயிலில் உறைக்குப் பின்னால் சட்டை நனைந்து ஒட்டிக்கொள்ளும்.

முதுகுப்பையின் மார்பு வார் உறையோடு மோதுகிறதே?

மோதும். பையின் மார்பு வாரை உறைக்கு மேலே, காறையெலும்புக்குச் சற்றுக் கீழே ஏற்றிக் கட்டுங்கள். உறையின் வார்களை முதலில் மாட்டி, அவற்றின் மேல் பையை மாட்ட வேண்டும். இந்த வரிசையை மாற்றாதீர்கள். பையின் தோள் வாரிலேயே கொக்கி போட்டு உறையைத் தொங்கவிடும் வசதி சந்தையில் கிடைக்கிறது, பார்க்கவும் அழகாக இருக்கும். ஆனால் பையைக் கழற்றி மரத்தடியில் சாய்த்துவிட்டு ஓடையில் தண்ணீர் பிடிக்கப் போகும்போது துப்பாக்கி மரத்தடியிலேயே நின்றுவிடும். தண்ணீருக்கும் இயற்கை உபாதைக்கும் ஒதுங்கும் நேரத்தில்தான் மனிதன் தனியாக, சத்தமில்லாமல், புதருக்குள் நுழைகிறான். கரடியைத் திடுக்கிட வைக்க அதைவிட மோசமான வழி இல்லை.

வார்கள் தோளில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தால் ஒரு நாளில் புண்ணாகும். உறையின் தோள் வாரைக் கழுத்துப் பக்கம் சிறிது நகர்த்தி, முதுகில் சந்திக்கும் இடத்தில் தட்டையான பட்டையாக இருக்கிறதா என்று பாருங்கள். முதுகில் கொக்கி இருந்தால் பையின் எடை அதை எலும்பில் அழுத்தும்.

நான் ஒல்லியான உடல்வாகு. என் மனைவியும் கூட வருவார். எங்களுக்குப் பொருந்துமா?

பெரும்பாலான மார்பு உறைகள் அகன்ற மார்புக்கு அளவெடுத்தவை. வாரைக் கடைசித் துளைவரை இழுத்தும் தொளதொளவென்று நின்றால் நடக்கும்போது உறை ஊசலாடும். உருவும்போது உறையும் சேர்ந்தே வரும். சிறிய அளவு கேட்டு வாங்குங்கள், அல்லது தோல் வேலை செய்பவரிடம் வாரைக் குறுக்கித் துளை போட்டுக்கொள்ளுங்கள். என் மனைவி உறையைச் சற்றுத் தாழ்த்தி, மார்புக்குக் கீழே விலா முடியும் இடத்தில் கிடைமட்டமாகக் கட்டிக்கொள்கிறார். நெஞ்செலும்பின் நடுவில் மாட்டச் சொன்ன என் யோசனை அவருக்குச் சரிப்படவில்லை. அவர் கண்டுபிடித்த இடமே நன்றாக அமைந்துவிட்டது.

தொடையில் கட்டும் உறை? தோள்பட்டைக்கு அடியில் தொங்கும் உறை? பாக்கெட்?

தொடை உறை ஏற்றத்தில் ஒவ்வோர் அடிக்கும் ஒரு கிலோவைத் தூக்கவைக்கும். சதுப்பிலும் புதரிலும் மாட்டும். அக்குளுக்கு அடியில் தொங்கும் உறை குளிர்காலத்தில், பையில்லாமல், கோட்டுக்குள் இதமாக இருக்கும். பை மாட்டினால் பையின் வார் அதை நசுக்கும். கிடைமட்ட வகையில் குழல் பின்னால் வருபவரை நோக்கி நிற்கும் என்பது எனக்கு அறவே பிடிக்காத விஷயம். பாக்கெட்டில் உறையில்லாமல் துப்பாக்கியை எப்போதும் போடாதீர்கள். சாவியோ குச்சியோ விசையில் (டிரிக்கரில்) சிக்கும்.

மீன்பிடிக்கும்போது என்ன மாறுகிறது?

நிறைய மாறுகிறது. வேட்டையிலும் நடையிலும் நாம் கரடியின் வீட்டு வழியே போகிறோம். மீன்பிடிப்பில் அதன் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் நிற்கிறோம். கீனாய் தீபகற்பத்தின் ரஷ்யன் ஆற்றில் செந்நிறச் சால்மன் ஏறும் ஜூன், ஜூலையில் ஒரே கரையில் மனிதர்களும் பழுப்புக் கரடிகளும் மீனுக்கு நிற்பார்கள். தண்ணீர் இரைச்சலில் காலடி ஓசை கேட்காது. இரு கையும் தூண்டிலில், கண் நீரில்.

மார்பளவு வரும் நீர்புகாக் காற்சட்டையை இங்கே வேடர்ஸ் என்பார்கள். அதை அணிந்தவர் இடுப்பில் துப்பாக்கியை உள்ளே மாட்டினால் எட்டாது, வெளியே மாட்டினால் நனையும். மார்பு உறையை வேடர்ஸுக்கு மேலே மாட்டுங்கள். தூண்டில் வீசும் கை உறையில் இடிக்கிறதா என்று வீட்டு முற்றத்திலேயே நூறு முறை வீசிப் பார்த்துவிடுங்கள். ஈ வடிவத் தூண்டில் வீசுபவர்கள் வழக்கமாக மார்பில் மாட்டும் சிறு பையை முதுகுக்கோ இடுப்புக்கோ மாற்ற வேண்டியிருக்கும். நூல் பிடியில் சுற்றிக்கொள்ளும். அதற்காகவே பிடியை மூடும் மடல் உள்ள உறையைச் சிலர் வாங்குகிறார்கள். உருவ நேரமாகும் என்பதால் நான் வாங்கவில்லை.

வேடர்ஸுக்கு மேலே இடுப்பு பெல்ட்டை இறுக்கிக் கட்டியே ஆக வேண்டும். விழுந்தால் தண்ணீர் கால்களுக்குள் நிரம்புவதை அது மட்டுப்படுத்தும். துப்பாக்கி வார்கள் அந்தப் பெல்ட்டையோ உயிர்காப்புச் சட்டையையோ அவிழ்க்கத் தடையாக இருக்கக் கூடாது. அலாஸ்காவின் ஆறுகளின் குளிர் எப்பேர்ப்பட்டது என்பதை ஒருமுறை கையை விட்டுப் பார்த்தவர்கள் அறிவார்கள். கரடியைப் பற்றிக் கவலைப்படும் பலர் அதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை, எனக்கு அது வருத்தம் தருகிறது.

படகில் மார்பு உறையோடு உட்கார்ந்தால் குழல் உங்கள் இடது தொடையையோ இடப்பக்கம் இருப்பவரையோ பார்க்கும். உறை முழுமையாக விசையை மூடி, துப்பாக்கியை இறுகப் பிடித்திருந்தால் அபாயம் இல்லை. இருந்தும் நான் படகின் இடது ஓரத்தில் உட்காருவேன்.

வேட்டைக்குப் போகிறவனிடம்தான் ரைஃபிள் இருக்கிறதே, கைத்துப்பாக்கி எதற்கு?

ரைஃபிள் எந்த நேரத்தில் கையில் இல்லை என்று எண்ணிப் பாருங்கள். ஒரு பெரிய ஆண் மூஸ் 600 கிலோவுக்கு மேல் எடை வரும். அதை வீழ்த்திய பிறகு தோலுரித்து, துண்டு போட்டு, எலும்பிலிருந்து இறைச்சியைப் பிரிக்க மணிக்கணக்காகும். அதற்குள் இரத்த வாடை காற்றில் பள்ளத்தாக்கு முழுவதும் போய்விடும். ரைஃபிள் நாலு எட்டு தள்ளி ஒரு மரத்தில் சாய்ந்திருக்கும். நீங்கள் முழங்கையளவு இரத்தத்தோடு விலாக்கூட்டுக்குள் குனிந்திருப்பீர்கள். பிறகு இறைச்சியைச் சுமந்து முகாமுக்குப் பல நடைகள், 30 கிலோவுக்கு மேல் முதுகில். திரும்பி வரும்போது குடல் குவியலை ஒரு பழுப்புக் கரடி தனதாக்கிக்கொண்டு காவல் காத்துக்கொண்டிருக்கலாம். மார்பில் இருக்கும் கைத்துப்பாக்கிக்கு வேலை இந்த நேரங்களில்தான்.

இருகண் தொலைநோக்கியும் மார்பில்தான் தொங்கும். இரண்டையும் ஒன்றாகச் சேர்க்கும் வகை உறைகள் இருக்கின்றன. தொலைநோக்கிப் பைக்கு அடியில் துப்பாக்கி வரும். தொலைநோக்கியைத் தூக்காமலே துப்பாக்கியை உருவ முடிய வேண்டும் என்பதுதான் அதை வாங்கும்போது பார்க்க வேண்டியது. ரைஃபிளின் தோள் வார் கைத்துப்பாக்கியின் பிடியில் சிக்காத பக்கமாகத் தொங்கட்டும்.

வில்வேட்டைக்காரர்கள் கவனிக்க: வில் பருவத்தில் துப்பாக்கி வைத்திருப்பதற்குச் சில மாநிலங்களில் கட்டுப்பாடு உண்டு. அந்தந்த ஆண்டின் வேட்டை விதிப் புத்தகத்தைப் படியுங்கள். மார்பு உறையில் வில்லின் நாண் உரசும் என்பதால் அவர்களுக்கு இடுப்பு உறையே வசதி.

எவ்வளவு எடை தாங்கும்? எந்தத் துப்பாக்கி?

.44 மேக்னம் வகையில் பலர் வைத்திருக்கும் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 629, நான்கு அங்குலக் குழலோடு ஏறத்தாழ 1.2 கிலோ. அதே நிறுவனத்தின் 329, இலேசான உலோகக் கலவையால் 700 கிராம் அளவில் நின்றுவிடும். கிளாக் 20 என்ற 10 மில்லிமீட்டர் பிஸ்டல் 15 தோட்டா நிரப்பினால் 1.1 கிலோவை ஒட்டி வரும்.

700 கிராம் என்றதும் கண் விரியும். ஆனால் இலேசான ரிவால்வரில் மேக்னம் தோட்டாவின் பின்னுதை உள்ளங்கையைப் பிளப்பதுபோல் இருக்கும். ஒருமுறை ஆறு குண்டு சுட்டவர் மறுமுறை பயிற்சிக்கே போகமாட்டார். நான் 629-ஐ விற்று 10 மில்லிமீட்டருக்கு மாறினேன், காரணம் ஒரு மாலையில் ஐம்பது முறை அலுப்பில்லாமல் சுட முடிகிறது. கரடிக்குத் தட்டையாக விரியும் நகரத் தற்காப்புத் தோட்டா உதவாது. ஆழமாக ஊடுருவும் கெட்டி ஈயத் தோட்டாவையே இங்கே எல்லோரும் போடுகிறார்கள். அந்தத் தோட்டா உங்கள் துப்பாக்கியில் தடங்கலின்றி ஓடுகிறதா என்று ஒரு பெட்டி சுட்டுப் பார்த்த பிறகே காட்டுக்குப் போங்கள்.

தோல் உறையா, பிளாஸ்டிக் உறையா?

தோல் உடம்போடு படியும், சத்தமிடாது. ஆனால் நனைந்தால் நாள்கணக்கில் ஈரம் காக்கும். அந்த ஈரத்தில் துப்பாக்கியை விட்டால் துரு நிச்சயம். கைடெக்ஸ் என்னும் வார்த்த பிளாஸ்டிக் தண்ணீரை வடித்துவிடும், சொடுக்கென்று பிடிக்கும், ஒவ்வொரு மாடலுக்கும் தனி வார்ப்பு வேண்டும். மழையும் ஆறும் உள்ள ஊரில் நான் கைடெக்ஸ் பக்கம். மடிந்து தளரும் மலிவான துணி உறைகளை வாங்காதீர்கள். விசைப் பகுதியில் துணி மடிந்து உள்ளே போகும்.

எந்த உறையானாலும் மூன்று சோதனை. விசையை முழுவதும் மூட வேண்டும். குண்டு இல்லாத துப்பாக்கியை மாட்டிக்கொண்டு குதித்து, புரண்டு, தலைகீழாகக் குனிந்தாலும் விழக் கூடாது. ஒரு கையால், பார்க்காமல், கையுறையோடு உருவ வர வேண்டும்.

உருவும்போது என்ன தவறு செய்கிறார்கள்?

மார்பு உறையிலிருந்து உருவும் வலக்கைக்காரரின் குழல் இடது பக்கத்தைத் தடவிக்கொண்டுதான் முன்னால் வருகிறது. இடது கையை முன்னால் நீட்டிக்கொண்டே உருவினால் குழலின் வழியில் அந்தக் கை நிற்கும். இடக்கை முதலில் மார்பில் ஒட்ட வேண்டும், துப்பாக்கி முன்னால் வந்த பிறகே சேர வேண்டும். விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும். கூட நடப்பவர் உங்கள் இடப்பக்கம் இருந்தால், கரடி வந்தால் யார் எங்கே நகர்வது என்பதை முன்கூட்டியே பேசி வையுங்கள். இந்தப் பேச்சு சங்கடமாக இருக்கும்; பேசாமல் இருப்பது அதைவிடக் கொடியது.

தேசியப் பூங்காவுக்குள் எடுத்துச் செல்லலாமா?

2010 பிப்ரவரி 22 முதல், அந்தப் பூங்கா இருக்கும் மாநிலத்தின் சட்டம் அனுமதித்தால் வைத்திருக்கலாம். யெல்லோஸ்டோன் மூன்று மாநிலங்களில் பரவியிருப்பதால் நீங்கள் நிற்கும் இடத்தின் சட்டம் எதுவோ அது பொருந்தும். பார்வையாளர் மையம் உள்ளிட்ட அரசுக் கட்டடங்களுக்குள் கொண்டுபோகக் கூடாது. வைத்திருக்க அனுமதி என்பது சுட அனுமதி அல்ல. அலாஸ்காவின் டெனாலி தேசியப் பூங்காவில் அந்த ஆண்டு மே மாதமே ஒரு நடைப்பயணி தன் .45 பிஸ்டலால் கிரிஸ்லி எனப்படும் பழுப்புக் கரடி ஒன்றைச் சுட்டுக் கொன்றார். பூங்கா அதிகாரிகள் விசாரணை நடத்தினார்கள்.

அலாஸ்காவில் உயிர்காக்கக் கரடியைச் சுட நேர்ந்தால் அதன் தோலையும் நகங்களோடு, மண்டையோட்டையும் நீங்களே எடுத்து அரசிடம் ஒப்படைக்க வேண்டும், 15 நாளுக்குள் எழுத்தில் அறிக்கை தர வேண்டும். உணவைத் திறந்து போட்டுக் கரடியை வரவழைத்துவிட்டுச் சுட்டால் சட்டப் பாதுகாப்பு கிடைக்காது. போலீஸ்காரர் உங்களை நிறுத்திப் பேசினால், மறைத்து வைத்திருக்கும் துப்பாக்கியைப் பற்றி உடனே சொல்லிவிடுவதும் இங்கே சட்டக் கடமை.

விமானத்தில் எப்படிக் கொண்டுவருவது? காரில் வரலாமா?

குண்டு இல்லாமல், பூட்டிய கெட்டிப் பெட்டியில், செக்-இன் பையாக, கவுண்டரில் அறிவித்துவிட்டு. தோட்டாவுக்கு விமான நிறுவனங்கள் பொதுவாக 5 கிலோ வரம்பு வைத்திருக்கின்றன. கரடி ஸ்பிரே எந்தப் பையிலும் அனுமதியில்லை. இங்கே வந்து வாங்கிக்கொள்ளுங்கள். காரில் வர கனடாவைக் கடக்க வேண்டும். அங்கே கைத்துப்பாக்கி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்ட ஆயுதம். அமெரிக்காவில் இடுப்பில் இருந்தது அப்படியே எல்லை கடக்கும் என்று எண்ணாதீர்கள்.

ஸ்பிரேயையும் துப்பாக்கியையும் சேர்த்து எங்கே மாட்டுவது?

துப்பாக்கி மார்பில் வலக்கைக்கு. ஸ்பிரே பையின் இடது இடுப்புப் பட்டையில், இடக்கைக்கு. பையைக் கழற்றும்போது ஸ்பிரேயை எடுத்துக் காற்சட்டை பெல்ட்டில் செருகிக்கொள்வேன். இரண்டையும் ஒரே கைக்கு வைத்தால் பதற்றத்தில் எது என்று கை தடுமாறும். இரவில் கூடாரத்தில் இரண்டும் தலைமாட்டில், இடமும் வலமும் மாறாமல் இருக்கும். ஸ்பிரேயைக் கூடாரத்தின் மேல் பூசக் கூடாது. அது கொசு மருந்தைப் போன்றதல்ல.

ஊர் திரும்பிய பிறகு என்ன செய்வது?

அன்றிரவே உறையிலிருந்து எடுத்து, குண்டை இறக்கி, துடைத்து, எண்ணெய் போடுங்கள். கீனாய் ஆறு பனியாறு அரைத்த நுண்ணிய பாறைத்தூளைச் சுமந்து வரும், அந்த மென்மணல் விசைக்குள்ளும் மேகசினுக்குள்ளும் போய்ப் படியும். ஹோமர், செவார்ட் பக்கம் கடலில் போய்வந்திருந்தால் நன்னீரில் அலசாமல் வைக்காதீர்கள். துருப்பிடிக்காத எஃகு என்று பெயரிருந்தாலும் உப்பு பிடிக்கும். பிறகு பூட்டிய பெட்டியில் வையுங்கள், விருந்தினரின் குழந்தைகள் வரும் வீடு என்றால் இன்னும் கண்டிப்பாக.

நீங்கள் கரடியைச் சுட்டிருக்கிறீர்களா?

இல்லை. பதினோரு கோடையில் ஸ்பிரேயைக் கையில் எடுத்தது மூன்று முறை, அழுத்தியது ஒரு முறை. ரஷ்யன் ஆற்றில், மாலை பத்து மணி இருக்கும், வெளிச்சம் இருந்தது. மீனைச் சுத்தம் செய்துகொண்டிருந்த எங்களை நோக்கி இளம் பழுப்புக் கரடி ஒன்று நீரில் இறங்கி வந்தது. சேர்ந்து நின்று உரக்கப் பேசினோம், பின்வாங்கினோம், கரடி நிற்கவில்லை. ஏழெட்டு மீட்டரில் இடக்கையால் அழுத்தினேன். அது தும்மிக்கொண்டே திரும்பி அக்கரைக்கு ஓடியது. அப்போது என் வலக்கை மார்பில், துப்பாக்கியின் பிடி மேல் இருந்ததை, கரடி போன பிறகு கூட வந்தவர் சொல்லித்தான் கவனித்தேன்.